ஒளியாதே, நீயே போய் நில்!

பறிகொடுத்தவன் குற்றவாளி அல்ல. இந்த ஒரு வரியை முதலில் மனப்பாடம் செய்துகொள், தம்பி. தங்கையே, நீயும்தான். வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைக் காணோம் என்று தெரிகிற நொடியில் வயிறு கலங்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ‘பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ’ என்று மனசு கண்டதையும் கற்பனை செய்யும். அந்த நொடியில் உனக்குக் கைகொடுக்கப்போவது இந்த வரிதான். தொலைத்ததை அன்றே போய்ச் சொன்ன பயணியைச் சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. சொல்லாமல் ஒளிந்தவனைத்தான் அது தேடி வரும்.

நம்மில் பலருக்குள் ஒரு பழைய பயம் குடியிருக்கிறது. காக்கிச் சட்டையைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் நடப்போம். அலுவலகப் படியேறினால் குரல் தானாகத் தாழும். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் ‘என்ன?’ என்று கேட்டதுமே சொல்ல வந்தது மறந்துபோகும். தாசில்தார் முன்னால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தாத்தா நின்றாரே, அந்தக் கூனல் பேரனின் முதுகிலும் மிச்சமிருக்கிறது. ஊரில் இந்தப் பயத்தோடு எப்படியோ காலம் தள்ளிவிடலாம். கூட வர மாமா இருப்பார், கவுன்சிலரைத் தெரிந்த ஒருவர் இருப்பார். அயல்நாட்டில் அதே பயம் உன்னைக் கவிழ்த்துவிடும். பாஸ்போர்ட் தொலைவதால் வரும் சேதம் பெரும்பாலும் சில நாள் அலைச்சலும் கொஞ்சம் பணமும்தான். அதை மறைப்பதால் வரும் சேதத்துக்கு அளவில்லை.

கேமரன் மலையை எடுத்துக்கொள். மலேசியாவின் பஹாங் மாநிலத்தில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடக்கும் தேயிலைச் சரிவுகள். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டம் இங்கேதான் வேர்விட்டது. அடர்ந்த காட்டை வெட்டி, செங்குத்தான சரிவில் செடி நட்டு, அட்டைக்கடியில் கொழுந்தெடுத்த கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். இன்று திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கோலாலம்பூருக்கு விமானம் ஏறும் குடும்பங்களில் பல, இந்த மலைக்கென்று ஒரு நாளையாவது ஒதுக்குகின்றன. சுங்கை பாலாஸ் தோட்டத்தில் தேநீர் குடித்துப் படம் எடுக்கிறார்கள். 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலைக்கு ஜீப்பில் ஏறி, பாசி மூடிய காட்டின் வழுக்குப் பலகைகளில் நடக்கிறார்கள். ஸ்ட்ராபெரி பறித்து, இரவுச் சந்தையில் சோளம் வாங்குகிறார்கள். குளிருக்கு ஜாக்கெட் போடுவது, வெயில் வந்ததும் கழற்றுவது, மழை பிடித்ததும் பையைத் திறந்து குடை எடுப்பது என்று நாள் முழுக்கக் கை ஓயாது. பாஸ்போர்ட் நழுவுவதற்கு இதைவிட வசதியான நாள் அமையாது. திருடனே தேவையில்லை.

காணோம் என்றால் தேடு. பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார். விடுதி அறைக்கு, ஜீப் ஓட்டியவருக்கு, தேநீர்க் கடைக்குப் போன் போடு. ஆனால் தேடலுக்கு ஒரு கெடு வை. இதே மலையில் 1967 மார்ச் 26-ஆம் தேதி, தாய்லாந்துப் பட்டுக்குப் பேர்வாங்கிக் கொடுத்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. காவலர்கள், படையினர், காட்டை உள்ளங்கைபோல் அறிந்த ஒராங் அஸ்லி மக்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை, இன்றுவரை. வளர்ந்த மனிதரையே விழுங்கிவிட்ட காடு இது. அதில் விழுந்த சின்னப் புத்தகத்தைத் தேடி இரண்டு நாளை வீணாக்குவாயா? சில மணி நேரம் போதும். அதற்குமேல் தேடுவது, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதைத் தள்ளிப்போட மனசு கண்டுபிடிக்கும் சாக்கு.

சரி, இப்போது நட. இந்த மலையிலுள்ள ஊர்களான தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் காவல் நிலையங்கள் உண்டு. எங்கே தொலைந்ததோ அந்த எல்லைக்குத்தான் போகவேண்டும் என்ற கவலையும் வேண்டாம். மலேசியாவில் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மொழி தெரியாதே என்கிறாயா? மூன்று வாக்கியம் கற்றுக்கொள். ‘பாஸ்போர்ட் சாயா ஹிலாங்’ என்றால் என் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது. ‘பாஸ்போர்ட் சாயா டிச்சூரி’ என்றால் திருடுபோய்விட்டது. ‘சாயா நாக் புவாட் லப்போரான்’ என்றால் புகார் கொடுக்க வந்திருக்கிறேன். இந்த மூன்றையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போ. அதற்குமேல் ஆங்கிலம் கொஞ்சம் கைகொடுக்கும். அதுவும் போதவில்லையா, இந்த மலையில் தமிழ் பேசும் கடைக்காரர்களுக்கும் கோயில் பொறுப்பாளர்களுக்கும் பஞ்சமில்லை. பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணிக்கே கோயில் இருக்கிறது. ‘அண்ணே, ஸ்டேஷன் வரைக்கும் கூட வர முடியுமா?’ என்று கேள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஊர் தெரியாதவன் வாய் திறந்து கேட்பது வீரம்தான்.

உள்ளே போனதும் நிமிர்ந்து நில். நீ பிச்சை கேட்க வரவில்லை, ஒரு தகவலைப் பதிவு செய்ய வந்திருக்கிறாய். எந்த இடத்தில் கடைசியாகப் பார்த்தாய், எத்தனை மணிக்கு, கூட என்னென்ன போயிற்று என்பதை ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போ. அப்போது நாக்கு குழறினாலும் தாள் பேசும். தொலைத்திருந்தால் தொலைத்தேன் என்று சொல். ‘திருடிவிட்டார்கள் என்றால்தான் மதிப்பார்கள்’ என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. பொய்ப் புகார் குற்றம். அதோடு, உண்மையைச் சொல்கிறவனுக்குத்தான் குரல் நடுங்காது. எழுதி முடித்ததும் வாங்கிப் படி. உன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்கிறதா, அப்பா பெயரும் உன் பெயரும் இடம் மாறியிருக்கிறதா, பாஸ்போர்ட் எண் சரியா என்று பார். நம் பெயர்முறை அயல்நாட்டுப் படிவங்களில் மாறிப்போவது அன்றாடக் கதை. தவறு இருந்தால் ‘சார், இதைத் திருத்துங்கள்’ என்று அங்கேயே சொல். சொல்லத் தயங்கி வெளியே வந்தால், அந்த ஓர் எழுத்து அடுத்த ஒவ்வொரு கவுண்டரிலும் உன்னை மறித்து நிற்கும். முத்திரையும் கையெழுத்தும் உள்ள நகலைக் கையோடு வாங்கு. புதுக் காகிதம் வரும்வரை, வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் நீ நீட்டப்போவது அதைத்தான்.

‘எனக்குப் புதுசு கிடைத்தால் போதும், பழையது எங்கே போனால் என்ன’ என்று நினைக்கிறாயா? கேள். 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து கிளம்பிக் காணாமல்போன எம்.எச். 370 விமானத்தில் இரண்டு பேர் திருட்டுப் பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள். ஒன்று ஆஸ்திரியருடையது, மற்றொன்று இத்தாலியருடையது. இரண்டும் தாய்லாந்தில் 2012-இலும் 2013-இலும் களவுபோனவை. அந்த இருவரும் பயங்கரவாதிகள் இல்லை, வேறு நாட்டில் வாழ்வு தேடிப்போன ஈரானியர்கள் என்று பின்னால் தெரியவந்தது. ஆனால் அந்தச் சில நாட்கள் உலகமே அந்த இரண்டு பெயர்களைத்தான் உச்சரித்துக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட்டின் உண்மையான சொந்தக்காரர்கள் தலை நிமிர்ந்து ‘அது நான் இல்லை, என் பாஸ்போர்ட் எப்போதோ திருடுபோனது’ என்று சொல்ல முடிந்தது எதனால்? உடனே புகார் கொடுத்திருந்ததால். அந்த எண்கள் இண்டர்போலின் தொலைந்த, திருடுபோன பயண ஆவணப் பட்டியலில் ஏறியிருந்தன. 2002-இல் தொடங்கிய அந்தப் பட்டியலில் 2014-க்குள்ளாகவே 4 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. அதை யாரும் சரிபார்க்காமல் விட்டது அரசுகளின் குறை. தங்கள் கடமையைச் சொந்தக்காரர்கள் இருவரும் செய்து முடித்திருந்தார்கள். உன் பெயரில் இன்னொருவன் எல்லை தாண்டினால் யார் பதில் சொல்வது? இதனால்தான் புகார் கொடுத்த பிறகு பழைய பாஸ்போர்ட் கட்டிலுக்கடியிலேயே கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்யக் கூடாது. ரத்தான எண் ரத்தானதுதான்.

அடுத்தது கோலாலம்பூர். தானா ராத்தாவில் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்கி, நெடுஞ்சாலையைப் பிடித்து, நாலைந்து மணி நேரத்தில் தலைநகரம். அங்கே மோண்ட் கியாராவில் இந்திய ஹை கமிஷன் இருக்கிறது. (இலங்கைக்காரர்களுக்கு அவர்களுடைய ஹை கமிஷனும் அதே நகரத்தில்தான்.) வாரக் கடைசி என்றால் அலுவலகம் பூட்டியிருக்கும், ஆனால் அவசரத் தொலைபேசி எண் இணையதளத்தில் உண்டு. கையில் புகார் நகல், பழைய பாஸ்போர்ட்டின் படம் அல்லது எண், இந்தியர் என்று காட்டும் வேறு ஏதாவது அடையாளம், புகைப்படங்கள், திரும்பும் டிக்கெட் இருக்கட்டும். உனக்கு முன்னால் இரண்டு வழி. அங்கேயே தொடர்ந்து தங்கி வேலை பார்க்கிறவர், படிக்கிறவர் என்றால் மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு நாள் ஆகும். ஊர் திரும்பினால் போதும் என்றால் எமர்ஜென்சி சர்டிபிகேட். இந்தியாவுக்குப் போவதற்கு மட்டும் செல்லும் ஒருவழிக் காகிதம் அது. அதில் வேறு நாட்டுக்குப் போக முடியாது, திரும்பி மலேசியாவுக்கும் வர முடியாது. எது உனக்குத் தேவை என்று நீயே முடிவு செய்துகொண்டு போ. ‘நீங்களே பார்த்துச் செய்யுங்க சார்’ என்று உன் தலைவிதியை வேறொருவர் மேசையில் வைக்காதே.

பணமும் பறிபோய் நிற்கிறாயா? 2009-இல் இந்திய அரசு தன் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியது. கதியற்று நிற்கும் இந்தியருக்குத் தங்க இடம், திரும்பிவர டிக்கெட் போன்ற உதவிகளை, அவர் நிலையைப் பார்த்து, அதிலிருந்து செய்யலாம். 2015-இல் ‘மதத்’ என்ற இணையவழி முறையீட்டுத் தளம் வந்தது. அதில் ஊரிலிருந்து உன் குடும்பமே உனக்காகப் புகார் பதியலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கென்றே தமிழ்நாடு அரசின் ஆணையரகம் இயங்குகிறது. இதெல்லாம் உனக்காகவே வைத்திருப்பவை. கேட்டுப் பெறு.

இன்னொரு கவுண்டர் பாக்கி, பலர் மறந்துவிடுவது. நீ நாட்டுக்குள் வந்த முத்திரை தொலைந்த பாஸ்போர்ட்டோடு போய்விட்டதல்லவா? ஆகவே வெளியேறும் முன் மலேசியக் குடிநுழைவுத் துறையில் சிறப்பு அனுமதி வாங்கவேண்டும். தலைமையகம் புத்ராஜெயாவில். வந்த நாளில் நீ இணையத்தில் நிரப்பிய வருகை அட்டை, விமானச் சீட்டு எல்லாம் அங்கே உனக்குச் சாட்சி சொல்லும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம் என்ற சலுகை இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தாலும் அந்த நாள்கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். நீ அறையில் முடங்கி அழுத ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் கழியும். அதனால்தான் சொல்கிறேன், முதல் நாளே எழுந்து போ!

இதுவரை சுற்றுலா போனவனிடம் பேசினேன். இனி உழைக்கப் போனவனிடம் பேசவேண்டும். என் நெஞ்சு கொதிப்பது இங்கேதான்.

உன் பாஸ்போர்ட் தொலையவில்லை. அது எங்கே இருக்கிறது என்று உனக்கு நன்றாகத் தெரியும். முதலாளியின் மேசை இழுப்பறையில், ஏஜெண்டின் பீரோவில். விமான நிலையத்தில் இறங்கியதுமே ‘பத்திரமா இருக்கட்டும், குடு’ என்று வாங்கினார்கள். நீயும் கொடுத்தாய். சம்பளம் பாக்கி என்று கேட்டால் ‘பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு, தெரியும்ல?’ என்று பதில் வருகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகணும் என்றாலும் அதே பதில். உணவகத்தில் தட்டு கழுவுகிறவனுக்கும் இது நடக்கிறது, காய்கறிப் பண்ணையில் மருந்தடிக்கிறவனுக்கும் நடக்கிறது.

கேட்டுக்கொள். மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம், 12-ஆம் பிரிவு: இன்னொருவருக்கு வழங்கப்பட்ட பாஸ்போர்ட்டைச் சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல் தன் வசம் வைத்திருப்பது குற்றம். அதற்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மலேசியாவின் சொந்தச் சட்டம் இது. உன் ஏஜெண்ட் இதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். இந்தியச் சட்டப்படியோ அந்தப் புத்தகம் இந்திய அரசின் சொத்து. உலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்புக்கு அடையாளமாக 11 அறிகுறிகளைச் சொல்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பது அவற்றில் ஒன்று. ஆக, உன் பாஸ்போர்ட்டைப் பூட்டிவைத்திருக்கிறவன்தான் பயப்படவேண்டும். பயத்தை அவனிடம் திருப்பிக் கொடு!

இது நமக்குப் புதிதா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. கங்காணியிடம் தொழிலாளிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு. அந்தத் துண்டு இல்லாமல் அவன் வேறு தோட்டத்துக்கு நகர முடியாது. புதுத் தோட்டக்காரர் கடனைக் கட்டினால்தான் ஆள் கைமாறுவான். ஒரு மனிதனின் கால்களை ஒரு சின்னக் காகிதத்தில் கட்டிவைத்தார்கள். 1921-இல் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. நூறு ஆண்டு தாண்டியும் பாஸ்போர்ட் என்ற பெயரில் அதே துண்டை உன் கழுத்தில் மாட்ட ஒருவன் முயல்கிறான் என்றால், நீ ஏன் குனிந்து கொடுக்கிறாய்?

உடனே சண்டை போடு என்று சொல்லவில்லை. முதலில் எழுத்தில் கேள். கைப்பேசிச் செய்தியாக அனுப்பினாலும் போதும், தேதியோடு சாட்சி நிற்கும். தரவில்லையா, ஹை கமிஷனின் தொழிலாளர் பிரிவுக்கு எழுது, மலேசியத் தொழிலாளர் துறைக்குப் போ, காவல் நிலையத்தில் புகார் கொடு. தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யாதே. பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு இரவோடிரவாக ஓடி, இன்னொரு பண்ணையில் ஒளியாதே. ஓடிய அன்றைக்கே நியாயம் உன் பக்கத்திலிருந்து கைநழுவத் தொடங்கிவிடும். பெர்மிட் காலாவதியாகும். குடிநுழைவு அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் மலைச்சரிவில் சிதறி ஓடவேண்டியிருக்கும். மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, செல்லுபடியாகும் அனுமதி இன்றி நாட்டுக்குள் வந்து இருப்பவருக்கு அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அதோடு ஆறு வரை பிரம்படி என்று சொல்கிறது. உன்னிடமிருந்து பறித்தவன் ஏசி அறையில் உட்கார்ந்திருக்க, பறிகொடுத்த நீ பிரம்புக்குப் பயந்து காட்டில் படுப்பதா?

ஏற்கெனவே ஒளிந்துவிட்டாயா? அப்போதும் கதவு முழுதாகச் சாத்தவில்லை. மலேசிய அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய தாயகம் திரும்பும் திட்டத்தில், அனுமதி இல்லாமல் தங்கியவர்கள் தாங்களே முன்வந்து 500 ரிங்கிட் சமரசத் தொகை கட்டி ஊர் திரும்ப வழி கொடுத்தது. இப்படிப்பட்ட கதவு திறந்திருக்கிறதா என்று ஹை கமிஷனில் கேள், குடிநுழைவுத் துறையிலேயே கேள். பிடிபட்டவனுக்கும் தானே வந்து நின்றவனுக்கும் வேறுபாடு உண்டு.

தனியாள் நின்று என்ன ஆகப்போகிறது என்கிறாயா? ஐரீன் பெர்னாண்டஸ் என்ற பெண்மணியின் கதையைக் கேள். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த மலையாளிக் குடும்பத்தின் மகள். பள்ளி ஆசிரியை. பிறகு கோலாலம்பூரில் ‘தெனாகானித்தா’ என்ற அமைப்பைத் தொடங்கி, காகிதம் இல்லாத, குரல் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்காக நின்றார். தடுப்பு முகாம்களில் அவர்கள் படும் பாட்டை 1995-இல் அறிக்கையாக வெளியிட்டார். பொய்ச் செய்தி வெளியிட்டார் என்று 1996-இல் அவர்மீதே வழக்குப் போட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். 2003-இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்துகொண்டே வேலையைத் தொடர்ந்தார். 2008-இல் விடுதலையானார். வழக்குத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு! அதற்கு இடையில் உலகமே மதிக்கும் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது 2005-இல் அவரைத் தேடி வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஒரு நாளாவது அவர், ‘எனக்கு எதற்கு வம்பு’ என்று அறிக்கையைத் திரும்பப் பெற்றிருந்தால்? யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக அந்தப் பெண்மணி அத்தனை காலம் கூண்டில் நின்றார். உன் சொந்தப் பாஸ்போர்ட்டுக்காக ஒரு கவுண்டரில் நிற்க உன்னால் முடியாதா?

புத்தகத்தைத் தொலைத்த நீ கலங்குகிறாய். நாட்டையே தொலைத்தவர்கள் நம்மில் இருந்தார்கள், தம்பி. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர்களில் சுமார் 7 லட்சம் பேரை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. தேயிலையை விற்று அந்த நாடு சம்பாதித்தது, கொழுந்தெடுத்தவளுக்கு அங்கே பெயரில்லை. 1952-இல் சத்தியாகிரகம் இருந்தார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பங்கில் இந்தியாவுக்கு வந்தவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலை நட்டார்கள். தமிழ்நாடு அரசின் டேன்டீ தோட்டங்கள் அவர்களுக்காக 1968-இல் உருவானவை. இலங்கையிலேயே தங்கியவர்கள் விடவில்லை. 1986 தைப் பொங்கலை ஒட்டி, தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அழைக்க, தோட்டம் தோட்டமாக வேலை நேரத்தில் பிரார்த்தனையில் உட்கார்ந்தார்கள். கொழுந்து முற்றிக்கொண்டே போனது, அரசு இறங்கி வந்தது. 2003-இல் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் நிறைவேறியது. ஐம்பத்தைந்து ஆண்டு! கேட்டுக்கொண்டேயிருந்தார்கள்.

மலேசியாவிலும் அந்தக் காயம் உண்டு. 1957 விடுதலைக்குப் பிறகு, குடியுரிமைக்கு எழுதிப்போடத் தெரியாமலும் தயங்கியும் விட்டுவிட்ட தோட்டத் தமிழர்கள் ஏராளம். 1969-க்குப் பின் குடிமக்கள் அல்லாதவர்க்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர், பிறந்து வளர்ந்த தோட்டத்தைவிட்டுக் கப்பல் ஏறினார்கள். தங்கியவர்களில் சிலர் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டைக்குப் பதில் நிரந்தரவாசி என்ற சிவப்பு அட்டையோடே கிழவராகிவிட்டார்கள். ‘ஆபீஸுக்குப் போய் யார் நிற்பது’ என்று அன்றைக்கு ஒரு தாத்தா தள்ளிப்போட்டதற்கு, மூன்றாம் தலைமுறைப் பிள்ளை பள்ளியில் சேரும்போது விலை கொடுக்கிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனை வைத்து வேலை வாங்கியவர்கள், படிவத்தைப் பற்றி மட்டும் அவனுக்குச் சொல்லவில்லை. உனக்கு எழுதத் தெரியும், படிக்கத் தெரியும், கையில் கைப்பேசி இருக்கிறது. அவர்களுக்கு இல்லாத எல்லாம் உனக்கு இருக்கிறது.

உன் சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட்டுக்கே ஒரு போராட்டக் கதை உண்டு. 1967-க்கு முன் இந்தியாவில் பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். சத்வந்த் சிங் சாஹ்னி என்பவர், ‘என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடு என்று கேட்க உங்களுக்கு என்ன சட்டம் இருக்கிறது?’ என்று உச்ச நீதிமன்றம் போனார். 1967 ஏப்ரலில் தீர்ப்பு. வெளிநாடு போவதும் தனிமனித விடுதலையின் ஒரு பகுதி, சட்டம் இல்லாமல் அதைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. ஒருவர் போய் நின்று கேட்டார், இன்று கோடிக்கணக்கானவர்கள் உரிமையோடு விண்ணப்பிக்கிறார்கள்.

இனி உன் முறை. எமர்ஜென்சி சர்டிபிகேட்டோடு திருச்சியில் இறங்குகிறாய் என்று வைத்துக்கொள். குடிநுழைவு மேசையில் கேள்வி கேட்பார்கள், பதில் சொல். பத்து நிமிடம் அதிகமாக நிறுத்தினால் நில். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, அடுத்த வாரமே பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு விண்ணப்பம் போடு. போலீஸ் விசாரணை வரும், வரட்டும். தரகர் ஒருவர் வந்து, ‘பழசு தொலைஞ்சதையே சொல்லாதீங்க, புதுசா எடுக்கிற மாதிரி போட்டுடலாம்’ என்பார். விரட்டு அவரை. உண்மையை மறைத்து விண்ணப்பித்தால் நம் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: எமர்ஜென்சி சர்டிபிகேட்டில் எப்போதாவது இந்தியா திரும்பியிருக்கிறீர்களா? ‘ஆம்’ என்று குறி. கீழே எண், தேதி, எந்த நாட்டில் வாங்கியது, என்ன காரணம் என்று கேட்டிருக்கும். எல்லாவற்றையும் உன் கையாலேயே நிரப்பு.